உளுந்துக்கு என்ன அவசரம்

தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில், ஞாயிறுதோறும் போட்டித்தேர்வு எழுதுவோருக்குத் தமிழ்ப் பகுதி நடத்துகிறேன். சென்ற வாரம் அணி இலக்கணம். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, வஞ்சப்புகழ்ச்சி என்று வெண்பலகையில் எழுதிக்கொண்டே வந்து, பிறிது மொழிதலில் நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல், அதற்கு ஒப்பான வேறொன்றை மட்டும் சொல்லி, உரிய பொருளைக் கேட்பவரே உணர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுவது. இலக்கணம் சொல்லி முடித்ததும் முதல் வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"மேம், நேராச் சொன்னா ஒரு வரியில முடிஞ்சிடுமே. எதுக்கு இப்படிச் சுத்தணும்?"

வகுப்பு சிரித்தது. "அழகுக்காக" என்ற பாடநூல் விடையைச் சொல்லிவிட்டு நானும் அடுத்த அணிக்கு நகர்ந்தேன். தேர்வுக்கு அது போதும். ஆனால் கையிலிருந்த மார்க்கரின் நெடி மூக்கில் ஏறியபோது, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு வாடை எழுந்து வந்தது: ஊர்த் திடலில் மைக்செட்காரர் ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டதும் உள்ளே தூசி கருகுமே, அந்த வாடை. நினைவு எந்த வழியாக எங்கே போகும் என்பதற்கு யாரும் இன்னும் இலக்கணம் எழுதவில்லை.

நண்பரே, அணி அழகுக்காக என்பதை நான் நம்புவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் சாதாரண நாளில் எல்லா நகையையும் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால், அழகாயிருக்கிறாள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். "எங்க கெளம்பிட்டா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு வாக்கியம் நகை பூட்டிக்கொண்டு எதிரே வரும்போதும் நான் கேட்பது அதைத்தான்.

இந்த ஐயம் எனக்கு மேடையிலிருந்து வந்தது. நான் மேடையில் வளர்ந்தவள். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன், அடக்கம் எனக்குக் கைவராத அணி. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, ஆற்று நீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் எட்டிப் பார்க்கும் கடைமடையில் எங்கள் ஊர். பள்ளி இலக்கிய மன்றத்தில் நானும் கதிரவனும் எதிரெதிர் அணி. ஒரே வகுப்பு, அடுத்தடுத்த தெரு. எந்தத் தலைப்பானாலும் அவன் ஒரு பக்கம் எடுத்தால் நான் மறுபக்கம். இந்த வாரம் நான் மறுத்ததை அடுத்த வாரம் நானே ஆதரித்துப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பேசுகிறவரின் நெஞ்சுக்கும் நாவுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை அப்படித்தான் கற்றேன். கற்ற பிறகு யாருடைய நாவையும் நம்ப முடியவில்லை.

வீட்டிலும் இதே வேலைதான். காலையில் நேரங்கழித்து எழுந்தால் அம்மா, "மகாராணி எந்திரிச்சிட்டாங்களா, பல்லக்கு அனுப்பவா" என்பாள். நான் போர்வைக்குள்ளிருந்தே வஞ்சப்புகழ்ச்சி என்பேன். இவளுக்குச் சமைத்தே கை தேய்ந்துவிட்டது என்பாள். உயர்வு நவிற்சி என்பேன். "பேரு வெச்சது போதும், தேங்காயைத் துருவு" என்பாள். அதில் அணி ஒன்றும் இல்லாததால் நான் எழுந்துபோய்த் தேங்காய் துருவுவேன்.

தேங்காயோடு உளுந்தும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் இந்தக் கதையே உளுந்துக் கதைதான்.

என் தந்தை முருகையன் அப்போது கதிரவன் வீட்டு வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தார். எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அந்த வயல்தான் எங்கள் சோறு. பத்திரமோ பதிவோ கிடையாது. இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்துக்கொண்டதே ஒப்பந்தம். கதிரவனின் அம்மா கமலத்தை நான் அத்தை என்பேன். என் தந்தைக்கு அவர் அக்கா. அத்தையின் கணவர் முன்பே காலமாகிவிட்டார். மூத்த மகன் மதிவாணன் துபாயில். மதி அண்ணன் ஊருக்கு வந்தால் தெருவே பெர்ஃப்யூம் மணக்கும் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

எங்கள் பக்கத்தில் உளுந்துக்கெனத் தனியாக உழவு ஓட்டுவதில்லை. சம்பா முற்றி அறுவடைக்கு நிற்கும்போதே, நெற்பயிருக்கு ஊடே, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும் நேரத்தில் கீழே உளுந்து முளைவிட்டிருக்கும். தெளிப்பதற்கு வாய்ப்பது சில நாள்கள்தாம். முந்தினால் சேறு, பிந்தினால் வெடிப்பு. ஆகவே தை பிறந்ததும் உளுந்து விதை எடுத்துவைப்பதைப் பற்றிப் பேசாத வீடு எங்கள் ஊரில் இருக்காது.

அந்த ஆண்டு பொங்கலன்று, வழக்கம்போல் என் தந்தை கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். அத்தை காப்பி கொடுத்தார். மாடு கன்று நலம் விசாரித்தார். கிளம்பும் நேரத்தில், வேறு எதையோ பார்த்துக்கொண்டு, "உளுந்துக்கு என்ன அவசரம் முருகையா, மெதுவாப் பாத்துக்கலாமே" என்றார்.

அவ்வளவுதான். வெளியூர்க்காரர் கேட்டால் அக்கறை என்று நினைப்பார். ஆனால் எங்கள் ஊரில், வயலை விட்டுவிடு என்று குத்தகைக்காரர் முகத்துக்கு நேரே எவரும் சொல்வதில்லை. அது இரு தரப்புக்கும் மரியாதைக் குறைவு. மதகை இந்த வருஷம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். எருவை உங்கள் கொல்லையிலேயே போட்டுவையுங்கள் என்பார்கள். கேட்டவர் வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுப்பார். என் தந்தையும் பொங்கலன்று மதியம் சாப்பிடவில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அந்த வாக்கியம் வெளியே வந்தது.

அத்தைக்குச் சர்க்கரை கூடிவிட்டது, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார் என்று அம்மா சமாதானம் சொன்னாள். நான் விடவில்லை. உளுந்தைச் சொல்லி வயலை உணர்த்துகிறார், இது பிறிது மொழிதல் என்றேன். தேர்வுத்தாளில் எழுதினால் திருத்துபவர் ஒப்பமாட்டார். எனக்கு ஐயமே இல்லை.

"நீ பேரு வெச்சிட்டா வயலு கெடைச்சிடுமாடி?" என்றாள் அம்மா.

தந்தை விதை உளுந்து இருந்த டிரம்மைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். மறுபடி கொட்டி மூடிவிட்டார்.

காணும் பொங்கலன்று பிற்பகலில் மாரியம்மன் கோயில் திடலில் ஊர்ப் பட்டிமன்றம். தலைப்பு, பிறந்த மண்ணா பிழைக்கும் மண்ணா. நான் பிறந்த மண். கதிரவன் பிழைக்கும் மண். நடுவராகப் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். கருகும் தூசி வாடையோடு ஒலிபெருக்கி உயிர் பெற்றது. ஊரில் பாதிப் பேர் தரையில், மீதிப் பேர் சைக்கிள் மேல். தந்தை அரச மரத்தடியில் நின்றிருந்தார். இரண்டு நாள்களாக அவர் வயல் பக்கம் போகவில்லை.

கதிரவன் தொடங்கினான். அன்று அவன் பேச்சில் ஏதோ மாறியிருந்ததை முதல் மூன்று வாக்கியத்திலேயே கண்டுகொண்டேன். அவன் இயல்பு, கேள்வி கேட்டுக் கேட்டு ஏறுவது. அன்று கேள்வியே இல்லை. உவமை மேல் உவமை. அதுவும் கடல், விளக்கு, பாலை என்று எங்கள் ஊரில் எவரும் கையாளாத பொருள்கள். பிறகு அந்த வாக்கியம் வந்தது. "அறுவடைக்கு நிற்கும் கதிரின்மேல் தை மழை பொழிவதைப்போல, கடல் கடந்து உழைத்த என் அண்ணனின் அன்பு எங்கள் இல்லத்தின்மேல் பொழிந்தது."

கைத்தட்டலுக்காக அவன் நிறுத்திய இடத்தில் திடல் முழுவதும் மௌனம். டிராக்டர் வைத்திருக்கும் தங்கராசு மாமா பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, மழையை நிறுத்துப்பா. எனக்கு இன்னும் அறுப்பு முடியல."

திடல் குலுங்கியது. தை மழை பெய்தால் நெல் சாயும், சாய்ந்த நெல் முளைக்கும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கதிரவனுக்கும் தெரியும். ஆனால் மனப்பாடம் செய்த வரி பேசுகிறவர் காதில் விழாது. இது மேடைக்காரர்களுக்கே உரிய செவிட்டுத்தன்மை.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஓர் உவமைக்கு நான்கு உறுப்பு வேண்டும்: உவமிக்கப்படும் பொருள், அதற்கு ஒப்பாக வரும் பொருள், இரண்டையும் இணைக்கும் 'போல', இரண்டிலும் உள்ள பொதுத்தன்மை. மூன்று இருந்தன. நான்காவதை வைக்கத் தெரியாத ஒருவர் இதை எழுதியிருக்கிறார். யார்? அந்த மாதங்களில் பக்கத்து ஊர் வயல்களில் வெள்ளைக் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தரகர் ஒருவர் காரில் எங்கள் பக்கமும் வந்து போனார். உளுந்து வேண்டாம் என்ற அத்தை, மண்ணை விடு என்ற மகன், காரில் வந்த தரகர். மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டேன். நூல் என்னுடையது என்பது அப்போது தோன்றவில்லை.

என் முறை வந்ததும் எழுதி வைத்த உரையை மடித்து வைத்துவிட்டேன்.

"எதிரணி நண்பரின் உரையில் எல்லா அணிகளும் இருக்கின்றன. இந்த ஊர் மட்டும் இல்லை. தை மழையை வாழ்த்துகிற கை, வயலில் இறங்கிய கையாக இருக்க முடியாது. அப்படியானால் அந்தக் கை எவருடையது? நாம் கேட்டது பட்டிமன்ற உரையா, வயலை விட்டு எழுந்திரு என்கிற அறிவிப்பா?"

அப்படி ஒரு கைத்தட்டலை அதற்கு முன் நான் வாங்கியதில்லை. கைத்தட்டல் அடங்கியபோது அரச மரத்தடியில் தந்தை இல்லை. தீர்ப்பு என் பக்கம் வந்தது.

மேடைக்குப் பின்னால் கதிரவன் தனக்குப் போர்த்திய துண்டை மடித்துக்கொண்டிருந்தான். யார் எழுதிக் கொடுத்தது என்று நேராகவே கேட்டேன்.

"மதி அண்ணன்தான். போன்ல அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். ரெண்டு நாளா ஆசையாச் சொன்னான்டி. மீசை மொளைக்கறப்பப் போனவன். அங்க மழையே கெடையாது. எந்த மாசம் பேஞ்சா என்ன, அவனுக்கு மழைன்னா சந்தோசம்."

"அப்ப உளுந்து?"

"என்ன உளுந்து?"

அவன் முகத்தில் எதுவுமில்லை. ஆனாலும், தெரியாதவனைப்போல் முகத்தை வைத்துக்கொள்வது எதிர்வாதத்தில் அவனுடைய முதல் உத்தி. நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யாமலே வீட்டுக்குப் போனேன். ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே வந்தது. நான்காவது உறுப்பு இல்லை என்று சொன்னேனே, துபாயில் நின்று பார்த்தால் அது இருக்கிறது. பொதுத்தன்மை பொருளில் இருப்பதாகத்தான் எனக்குப் பாடம். நிற்கும் இடத்தைப் பொறுத்து அது வரும், போகும் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

வீட்டில் தந்தை மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தையிடம் நேரே கேட்டுவிடலாம் என்றேன். வைக்கோலை உதறிக்கொண்டே சொன்னார்.

"கேட்டா சொல்லிடுவாங்கம்மா. கேக்காத வரைக்கும் அது நம்ம வயலு."

அந்த வாக்கியத்தில் ஏதேனும் ஓர் அணி அகப்படுமா என்று தேடினேன். ஒன்றுமில்லை. அப்பட்டமாக இருந்தது. எனக்கு அதைக் கையாளத் தெரியவில்லை.

ஆனால் ஈரம் காத்திருக்காது. பக்கத்து வயல்களில் எல்லாம் தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் காலை தந்தையிடம் சொல்லாமல் அத்தை வீட்டுக்குப் போனேன்.

அத்தை கொல்லைப்புறத்தில் பொங்கல் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே வரவேற்றார்.

"வாடியம்மா. மேடையில நல்லாப் பேசினியாமே. ஊரே மெச்சுது."

வஞ்சப்புகழ்ச்சி. அதில் ஐயமில்லை. அவையோரே, நடுவர் அவர்களே என்றெல்லாம் தொடங்கிப் பழகிய வாய்க்கு, அன்று முன்னுரை எதுவும் வரவில்லை.

"அத்தை, வயலை நீங்களே எடுத்துக்கப் போறீங்களா?"

தேய்த்த கை நின்றது. எங்கள் ஊரில் எவரும் எவரிடமும் இப்படி நேராகக் கேட்டதை அவர் கண்டிருக்க மாட்டார். புளிக் கையோடு நிமிர்ந்தார்.

"கேட்டுட்டியேடி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மதிக்கு அங்க வேலை போயிடுச்சு. தீவாளிக்கு முன்னாடியே. பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம், வெளியில எப்படிச் சொல்றது? மாசிக் கடைசியில ஊருக்கு வந்து தானே பயிர் பண்றேங்கிறான். உங்கப்பன் மூஞ்சைப் பாத்து நான் எந்த வாயால சொல்ல? அதான் உளுந்தைச் சொன்னேன்."

மனைக்கு விற்கப் போவதாகச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விக்கறதா இருந்தா அவனை எதுக்குடி வரச் சொல்றேன்? உங்கப்பனைத் தவிர யாருகிட்டயும் சொல்லிடாத. முக்கியமா மேடை ஏறிச் சொல்லிடாத."

உளுந்தைச் சொல்லி வயலை மறைத்தார். வயலைக் கேட்பதுபோல் காட்டி மகனை மறைத்தார். நான் ஓர் உறையைத்தான் பிரித்திருந்தேன், உள்ளே இன்னொன்று இருந்தது. தரகர் பற்றிய என் கண்டுபிடிப்புக்கும் இலக்கணத்தில் பெயர் உண்டு: தன்பாட்டில் நடந்த ஒன்றின்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது, தற்குறிப்பேற்றம். ஆனாலும் நண்பரே, கேட்டதற்காக நான் வருந்தவில்லை. வயல் போகிறது என்று ஊகித்தது சரிதான். காரணத்தில்தான் தவறினேன்.

வீட்டுக்கு வந்து தந்தையிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மதி எப்போது வருகிறான் என்று மட்டும் கேட்டார். மாசிக் கடைசியில் என்றேன்.

"அதுக்குள்ள ஈரம் போயிடுமே" என்றார்.

டிரம்மைத் திறந்தார். விதையைப் பையில் அள்ளினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போற வயலுக்கு நம்ம விதையா? வெவரம் இருக்கா உங்களுக்கு?"

"வெறும் வயலாவா குடுக்கச் சொல்ற?"

நானும் பின்னால் போனேன். முற்றிய நெல்லுக்குள் இறங்கி, கதிரை இடது கையால் விலக்கி விலக்கி, வலது கையால் வீசிக்கொண்டு போனார். அவர் செய்ததை அப்போது முழுவதும் ஐயத்தோடுதான் பார்த்தேன். இது பெருந்தன்மையா, உனக்கு என்னைப்போல் வருமா என்று மதி அண்ணனுக்குச் சொல்லும் சொல்லா, அடுத்த ஆண்டும் என்னையே வைத்துக்கொள் என்னும் விண்ணப்பமா? கேட்கவில்லை. அத்தை தம் வீட்டுக் கொல்லைக் கதவருகே நின்று பார்த்தார். சற்று நின்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெல்லை அறுத்தபோது கீழே உளுந்து நன்றாக வந்திருந்தது. பிறகு ஒரு நாள் மதி அண்ணன் ஒரு சாக்கு உளுந்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவைத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் வயல் கைமாறியது.

அதற்குப் பிறகு போனவை பல. காணும் பொங்கல் திடலில் இப்போது ஆடல் பாடல். பேச்சைக் கேட்கத் தரையில் உட்காருவாரில்லை. கதிரவன் சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறான். நாங்கள் எதிரெதிர் நின்று ஆண்டுகளாகிவிட்டன. குத்தகையை முடித்துக்கொள்ள இப்போது உளுந்தும் எருவும் தேவைப்படுவதில்லை. "அடுத்த போகம் நாங்க பாத்துக்கறோம்ணே" என்று வாட்ஸப்பில் குரல்செய்தி வருகிறது. ஒரே வரி. கேட்டவர் அப்போதும் சாப்பிடாமல்தான் படுக்கிறார். தந்தை உரக்கடையில் மூட்டை பார்த்துக் கொடுக்கிறார். மதி அண்ணன் நன்றாகவே பயிர் செய்கிறார். வெள்ளைக் கல் இதுவரை இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பேருந்து சன்னலிலிருந்து ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்கிறேன்.

எங்கள் ஊரில் வயலுக்குப் பெயர், உழுகிறவர் பெயர்தான். நீர் முறை வைப்பவரும் டிராக்டர்காரரும் அதை அப்போது முருகையன் வயல் என்றே சொல்வார்கள். பட்டாவில் அப்படி ஒரு பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. சென்ற தையில் அறுவடை இயந்திரத்தோடு வந்த ஏஜென்ட், எங்கள் ஊர்ப்பையன்தான், தங்கராசு மாமா வயலுக்கு எப்படி இறங்குவது என்று என்னைக் கேட்டான். முருகையன் வயலுக்கு அடுத்தது என்றேன்.

"அது எது அக்கா?"

எவ்வளவோ மேடை கண்டவள் நான். கையை நீட்டித்தான் காட்டினேன்.